சிறிய ஆவணக் காப்பகத்துக்குத் தனியாக மென்பொருள் எழுதச் சொல்லலாமா, இலவசமாகக் கிடைப்பதே போதுமா?

சங்கத்தில் சுமார் 3,000 கடிதங்கள், கணக்குப் புத்தகங்கள், துண்டறிக்கைகள் இருப்பதாகவும், தெரிந்தவர் ஒருவர் மென்பொருள் எழுதித் தர முன்வந்திருப்பதாகவும் கேட்டிருக்கிறீர்கள். எழுதச் சொல்லாதீர்கள். அவர் திறமையைக் குறைத்துச் சொல்லவில்லை. நாளை அவர் வேலை மாறிப் போனால் அந்த நிரலைத் தொட ஆள் இருக்காது.

ஏட்டம் (முழுப்பெயர் ஆக்சஸ் டு மெமரி) என்ற இலவச ஆவணக் காப்பக மென்பொருளே போதும். கனடாவின் ஆர்ட்டிஃபாக்சுவல் நிறுவனம் உருவாக்கியது. பன்னாட்டு ஆவணக் காப்பக மன்றத்தின் ஆதரவில் தொடங்கியது. உலாவியிலேயே வேலை முடியும். இதே வேலைக்கான ஆர்க்கைவ்ஸ்ஸ்பேஸ் மென்பொருளும் நல்லதுதான், ஆனால் அமெரிக்கப் பல்கலைக்கழக வழக்கத்தை ஒட்டியது. ஏட்டத்தின் தேடல் இயந்திரம் நினைவகத்தை நிறையத் தின்னும். 8 ஜிபி இல்லாத கணினியில் போட்டுவிட்டு மென்பொருளைக் குறை சொல்ல வேண்டாம்.

நிறுவுவதற்கு முன் ஒரு பெட்டியை மட்டும் விரிதாளில் விவரித்துப் பாருங்கள். குறியீடு, தலைப்பு, உருவாக்கியவர், தேதி, அளவு, விவரண நிலை (தொகுப்பா, கோப்பா, தனி ஆவணமா என்பது): ஆவணங்களை விவரிப்பதற்கான பன்னாட்டுத் தரம் கட்டாயமாகக் கேட்பது இந்த ஆறும்தான். 3,000 கடிதங்களுக்கும் தனித்தனிப் பதிவு வேண்டாம். 'நிர்வாகக் குழுக் கடிதங்கள், 1952–1958, 2 கோப்புகள்' என்று கோப்பு அளவில் நிறுத்தினாலே தேடுபவர் வந்து சேர்வார்.

விரிதாளை உள்ளே ஏற்றும்போது தாய்ப்பதிவு (தொகுப்பு போன்ற மேல்நிலைப் பதிவு) வரிசையில் மேலேயும் சேய்ப்பதிவு (அதற்குள் அடங்கும் கோப்பு) கீழேயும் இருக்க வேண்டும். மாறினால் அடுக்கு குலையும். சேமிக்க லிபர்ஆபிஸ் நல்லது. எக்செலில் சாதாரண சிஎஸ்வியாக (காற்புள்ளியால் பிரித்த வெறும் உரைக் கோப்பாக) சேமித்தால் தமிழெல்லாம் கேள்விக்குறியாகும். '3/12' என்ற கோப்பு எண் தேதியாகிவிடும்.

அடுத்தது, பலர் கவனிக்காமல் விடுவது. பழைய எழுத்துருக்களில் கணினியில் தட்டச்சு செய்த கோப்புகளை யூனிகோடுக்கு மாற்றும்போது 'ர்' இருக்க வேண்டிய இடத்தில் காலும் அதன்மேல் புள்ளியும் வந்து உட்காரும். கண்ணுக்கு 'அவர்கள்' என்றே தெரியும், தேடினால் வராது. எனவே முதலில் 'கால்+புள்ளி' அனைத்தையும் 'ர்' என மாற்றுங்கள். அதற்குப் பிறகே என்எஃப்சி சீராக்கம் (பிரிந்து கிடக்கும் யூனிகோடு குறிகளை ஒன்றாக்குவது). வரிசை மாறினால் 'சேர்ந்து' என்பதன் இரட்டைச் சுழிக்கொம்பும் காலும் ஒட்டி 'சோ' ஆகிவிடும், பிறகு கையால்தான் திருத்த வேண்டும். 'ஒள' என்று இரண்டெழுத்தாக அடித்த 'ஔ'வைச் சீராக்கமும் சரிசெய்யாது.

தேதியில் கடிதத்தில் உள்ளதை அப்படியே எழுதுங்கள்: 'யுவ வருஷம் பங்குனி'. தொடக்கம், முடிவு என்ற கட்டங்களில் மட்டும் ஆங்கிலத் தேதி. யுவ என்றதும் 1935 என்று போட்டுவிடுகிறார்கள். பங்குனி விழுவது 1936-இல்.

கேட்காததையும் சொல்கிறேன், பலருக்குப் பிடிக்காது. ஸ்கேனர் வாங்கப் பணம் தருபவர்கள், உட்கார்ந்து விவரம் எழுதும் ஆளுக்குச் சம்பளம் தருவதில்லை. ஏ4 பக்கம் ஒன்றை 400 டிபிஐ வண்ணத்தில் சுருக்காமல் எடுத்தால் சுமார் 46 எம்பி. 10,000 பக்கம் 460 ஜிபியைத் தாண்டும், மூன்று பிரதி வைத்தால் 1.4 டிபி. இவ்வளவு இடம் பிடித்த பிறகும் 'ஐஎம்ஜி_0457' என்ற பெயரோடு கிடந்தால் யாருக்குக் கிடைக்கும்? விவரணம் முதலில், படம் பிறகு. ஏட்டத்தில் ஏற்ற வேண்டியது பார்வைக்கான சிறிய படம் மட்டும். மூலக் கோப்பு தனி வட்டுகளில் இருக்கட்டும், ஒன்றாவது வேறு கட்டடத்தில்.

முதல் 50 பதிவு ஏறியதும் அவற்றை வெளியே ஏற்றுமதி செய்து, காலியான வேறொரு நிறுவலில் திரும்ப ஏற்றிப் பாருங்கள். அங்கே அடுக்கும் தமிழும் தேதியும் பிசகாமல் வந்தால் 51-ஆவது பதிவைத் தொடங்கலாம்.