கச்சான் காலத்தில் ஓவர்குளொக்கிங்: கல்முனை வாசகருக்கு ஒரு பதில்

கேள்வி: கல்முனையில் திருமண வைபவங்களை ஒளிப்பதிவு செய்து, தொகுத்துக் கொடுப்பது எனது தொழில். என்னிடம் இருப்பது ரைசன் 5 3600 செயலி, பி450 மதர்போர்ட், செயலியுடன் பெட்டியில் வந்த விசிறி, 16 ஜிபி ரேம், ஜிடிஎக்ஸ் 1650 கிராபிக்ஸ் கார்ட். முழு நிகழ்வையும் ரெண்டர் செய்ய, அதாவது தொகுத்ததை இறுதி வீடியோக் கோப்பாக்க, அதிக நேரம் செல்கிறது. செயலியை 4.2 ஜிகாஹேர்ட்ஸுக்கு ஓவர்குளொக் செய்தால் புதிய கணினி வாங்கும் செலவு மிஞ்சும் என்று மருமகன் சொல்கிறார். செய்யலாமா?

பதில்: ஓவர்குளொக்கிங் என்பது, செயலி தானாக ஓடும் வேகத்துக்கு மேலே அதை நாமே உயர்த்தி ஓட்டுவது. தங்கள் மதர்போர்டும் செயலியும் அதற்கு இடம் கொடுக்கும். ரைசன் 5 3600 பூட்டப்படாத செயலி; பி450 சிப்செட்டும் செயலியின் வேகத்தைத் தீர்மானிக்கும் பெருக்கியை மாற்ற அனுமதிக்கிறது. ஆகவே மருமகன் சொல்வது செய்யக்கூடிய காரியம்தான். ஆனால் தங்கள் தொழிலுக்கு அதனால் கிடைக்கும் இலாபம் மிகச் சிறியது, அதற்குக் கொடுக்கும் விலை பெரியது என்பதே எனது கருத்து. கணக்கைப் பார்த்தால் தங்களுக்கே விளங்கும்.

3600 செயலியின் அடிப்படை வேகம் 3.6 ஜிகாஹேர்ட்ஸ், அதிகபட்ச வேகம் 4.2 ஜிகாஹேர்ட்ஸ் என்று பெட்டியில் அச்சிடப்பட்டிருக்கும். இந்த இரண்டுக்கும் இடைப்பட்ட வெளி முழுவதும் ஓவர்குளொக் செய்து பிடிக்கவேண்டிய இலாபம் என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில், போதிய குளிர்ச்சி கிடைத்தால், ரெண்டர் செய்யும்போது செயலிக்குள் வேலையைப் பகிர்ந்து செய்யும் ஆறு கருக்களும் தாமாகவே ஏறக்குறைய 4.0 ஜிகாஹேர்ட்ஸ் வரை ஓடும். அதை 4.2இல் நிறுத்தினால் தங்களுக்குக் கிடைப்பது 5 சதவீதம். ஒரு மணிநேரம் எடுத்த ரெண்டர் 57 நிமிடத்தில் முடியும். மிஞ்சும் மூன்று நிமிடத்தில் ஒரு பிளேன்டீ குடிக்கலாம்.

இனி விலை. செயலி உறிஞ்சும் வலு, அதன் மீடிறனோடு (ஜிகாஹேர்ட்ஸில் சொல்லும் வேகத்தோடு) நேரடியாகவும் வோல்ற்றளவின் வர்க்கத்தோடும் கூடுகிறது. உயர்ந்த மீடிறனில் தளராமல் நிற்கச் செயலிக்குக் கூடுதல் வோல்ற்றளவு வேண்டும். 1.25 வோல்ற்றில் ஓடிய செயலியை 1.35 வோல்ற்றுக்கு உயர்த்துவதாக வைத்துக்கொள்வோம். வர்க்கம் எடுத்தால் அது மட்டுமே 17 சதவீதத்தை நெருங்குகிறது, மீடிறனின் 5 சதவீதத்தையும் சேர்த்துப் பெருக்கினால் 22 சதவீதத்தைத் தாண்டுகிறது. 5 சதவீத வேகத்துக்கு 22 சதவீத வலு. அந்த வலு முழுவதும் வெப்பமாகவே வெளியேறும். வெப்பம் கூடக்கூடக் கசிவு மின்னோட்டமும் கூடுவதால் நடைமுறையில் நிலைமை இதைவிடச் சற்று மோசமாகவே இருக்கும். இதற்கு மேல், எல்லாக் கருக்களையும் ஒரே வேகத்தில் கட்டிவைத்தால், தேவைக்கேற்ப வேகத்தையும் வோல்ற்றளவையும் ஏற்றி இறக்கும் செயலியின் சொந்த ஏற்பாடு முடங்கிப்போகும்.

மருமகன் கேள்விப்பட்ட கதைகளும் பொய்யல்ல. அவை வேறொரு காலத்துக்குரியவை. 1998இல் வந்த இன்டெல் செலரான் 300ஏ செயலியை, மதர்போர்டோடு தரவைப் பரிமாறும் பஸ் பாதையின் வேகத்தை 66இலிருந்து 100 மெகாஹேர்ட்ஸுக்கு மாற்றி 450 மெகாஹேர்ட்ஸில் ஓட்டியவர்கள் ஏராளம். 300க்குப் பணம் கொடுத்து 450ஐ வாங்குவது, அதாவது 50 சதவீத இலாபம், உண்மையாகவே பெரிய காரியம். அன்று உற்பத்தியாளர்கள் செயலியின் திறனில் கணிசமான பகுதியைப் பாதுகாப்புக்காக ஒதுக்கி வைத்தார்கள். 2008இல் நெஹாலம் தலைமுறையோடு இன்டெல் ‘டர்போ பூஸ்ட்’ வசதியைக் கொண்டுவந்தது. ரைசனில் அதே வேலையை ‘பிரெசிஷன் பூஸ்ட்’ செய்கிறது. வெப்பம், மின்னோட்டம், வோல்ற்றளவு ஆகியவற்றை நொடிக்குப் பல தடவை அளந்து, எவ்வளவு ஏறலாமோ அவ்வளவு வேகத்தைச் செயலி தானே எடுத்துக்கொள்கிறது. சுருங்கச் சொன்னால், ஓவர்குளொக் செய்யும் வேலையைத் தொழிற்சாலையே செய்து, அதன் விலையையும் சேர்த்துத்தான் நம்மிடம் விற்கிறது.

அளவுக்கு மீறிய வோல்ற்றளவு என்ன செய்யும் என்பதற்கு அண்மைய உதாரணம் ஒன்றும் உண்டு. இன்டெலின் 13ஆம், 14ஆம் தலைமுறை மேசைக்கணினிச் செயலிகள் சில நிலையற்றுப்போனதற்குத் தேவைக்கு அதிகமான வோல்ற்றளவே காரணம் என்று அந்நிறுவனமே 2024இல் ஏற்றுக்கொண்டு, செயலிக்குள் இயங்கும் மைக்ரோகோட் என்ற கட்டளைத் தொகுப்புக்குத் திருத்தம் வெளியிட்டு, உத்தரவாதக் காலத்தையும் இரண்டு ஆண்டுகள் நீட்டியது. தங்கள் செயலி அந்த வகையைச் சேர்ந்ததல்ல. ஆயினும், வோல்ற்றளவை உயர்த்தி ஏற்படும் சேதத்துக்கு, ரைசனைத் தயாரிக்கும் ஏஎம்டியின் உத்தரவாதம் பொருந்தாது என்பதை மருமகனிடம் சொல்லிவையுங்கள்.

வெளிநாட்டு விமர்சகர்கள் தரும் வெப்பநிலை எண்களை நமது கரைக்கு அப்படியே எடுத்துவர முடியாது. அவர்களுடைய அறை 21 அல்லது 22 பாகை செல்சியஸ். தென்மேற்குப் பருவக்காற்று மலையைக் கடக்கையில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்ட கச்சானாக நம் பக்கம் இறங்கும் மாதங்களில், பிற்பகல் இரண்டு மணிக்குக் கல்முனையில் ஒரு சாதாரண அறை 33 பாகைக்குக் குறையாது. செயலியின் வெப்பத்தை வெளியேற்றும் உலோகத் தகட்டுத் தொகுதியான ஹீற்சிங்க் எவ்வளவு நல்லதாக இருந்தாலும் அறையின் வெப்பநிலைக்குக் கீழே செயலியைக் கொண்டுபோக அதனால் முடியாது. அறைக்கு மேலே இத்தனை பாகை என்பதுதான் அதன் கணக்கு. அங்கே 72 பாகையில் நிற்கும் அதே ஏற்பாடு இங்கே 83இல் நிற்கும். தங்கள் செயலியின் உச்ச எல்லை 95 பாகை. பெட்டியோடு வரும் சிறிய ‘ரெய்த் ஸ்டெல்த்’ விசிறியை வைத்துக்கொண்டு அதன்மேல் 22 சதவீத வலுவைச் சுமத்தினால், கச்சான் காலத்தில் செயலி எல்லையைத் தொட்டுத் தன்னைத்தானே மெதுவாக்கிக்கொள்ளும். வேகமாக்கப்போய் மெதுவாக்கியதாக முடியும்.

சென்ற வருடம் களுவாஞ்சிக்குடியிலிருந்து ஒருவர் இதே 3600 செயலி கொண்ட கணினியை, இதே வேண்டுகோளோடு என்னிடம் கொண்டுவந்தார். பக்க மூடியைக் கழற்றி விசிறியை எடுத்தபோது, ஹீற்சிங்க் தகடுகளுக்கு மேலே, உப்புக் காற்றின் ஈரம் ஏறிய தூசி நனைந்த பஞ்சுபோல ஒரே பாளமாகப் படிந்திருந்தது. விரல் நகத்தால் கிளப்பினால் முழுதாக உரிந்து வந்தது. செயலிக்கும் ஹீற்சிங்குக்கும் இடையே வெப்பத்தைக் கடத்தப் பூசும் தேர்மல் பேஸ்ட், வெற்றிலைத் தட்டத்தில் காய்ந்துபோன சுண்ணாம்புபோல வெடித்துக் கிடந்தது. துடைத்துப் புதுப் பேஸ்ட் இட்டு மூடிய பிறகு, ரெண்டரின்போது 3.6க்கு விழுந்துகொண்டிருந்த வேகம் 3.95இல் அசையாமல் நின்றது. அவர் ஓவர்குளொக் செய்து பெற நினைத்ததைவிட அதிகம் அது. அதன் பிறகு அந்தப் பேச்சை அவர் எடுக்கவில்லை.

தாங்களும் முதலில் அதையே செய்யுங்கள்; ஆனால் கழற்றும்போது ஓர் எச்சரிக்கை. தங்கள் மதர்போர்டில் செயலி பொருந்தும் ஏஎம்4 வகைச் சொக்கெட்டில் செயலியை மேலிருந்து அழுத்திப் பிடிக்கும் சட்டம் கிடையாது. பழைய பேஸ்ட் இறுகியிருக்கும் நிலையில் ஹீற்சிங்கை நேராக மேலே இழுத்தால், பூட்டியிருக்கும் செயலியும் அதோடு ஒட்டிக்கொண்டு பிடுங்கப்பட்டு வரும், ஊசிகள் வளையும். ஆகவே ஒரு ரெண்டரைச் சில நிமிடங்கள் ஓடவிட்டுப் பேஸ்டை இளக்கி, கணினியை நிறுத்தி, மின் இணைப்பைத் துண்டித்து, நான்கு திருகாணிகளையும் மாறிமாறித் தளர்த்தி, ஹீற்சிங்கை இடமும் வலமுமாக மெல்லத் திருகியபடி எடுங்கள்.

அடுத்து ரேம். விண்டோஸின் டாஸ்க் மேனேஜரைத் திறந்து நினைவகப் பகுதியில் வேகம் எவ்வளவு என்று பாருங்கள். 3200 என்று அச்சிட்ட டிடிஆர்4 ரேம் 2133இலோ 2400இலோ ஓடிக்கொண்டிருப்பது நமது பகுதியில் நான் அன்றாடம் காண்பது. பொருத்திக் கொடுத்தவர், கணினியை எழுப்பும் அடிப்படை மென்பொருளான பயோஸில், ரேமை அச்சிட்ட வேகத்தில் ஓடவைக்கும் எக்ஸ்எம்பி என்ற தெரிவை இயக்கியிருக்கமாட்டார். ரைசனில் கருக்களுக்கும் நினைவகத்துக்கும் இடையே தரவைக் கடத்தும் பாதையின் வேகமும் ரேமின் வேகத்தோடு கட்டப்பட்டிருப்பதால் இந்த இழப்பு இரட்டிப்பாகிறது. 3200 என்பது இந்தச் செயலிக்கு ஏஎம்டி அங்கீகரித்த வேகமே. 16 ஜிபியும் ஒரே ரேமாக இருந்தால் பாதையின் அகலம் பாதியாகும். அதே வகையில் இன்னொன்று சேர்ப்பது நல்லது.

தங்கள் ரெண்டர் நேரத்தை மெய்யாகவே வெட்டக்கூடியது கிராபிக்ஸ் கார்ட். ஜிடிஎக்ஸ் 1650இல் வீடியோவைச் சுருக்குவதற்கென்றே தனிச் சுற்று உண்டு. பிரீமியர் புரோ பாவிப்பவராயின், 2020 மே மாதப் பதிப்பிலிருந்து அது என்விடியா கார்டுகளின் அந்தச் சுற்றைப் பயன்படுத்தும். ஏற்றுமதிச் சாளரத்தில் ‘சொப்ட்வெயர் என்கோடிங்’ என்பதை ‘ஹாட்வெயர் என்கோடிங்’ என்று மாற்றவேண்டியதுதான். அதே பிட்ரேட்டில் (ஒரு நொடி வீடியோவுக்குச் செலவிடும் தரவின் அளவில்) படத்தின் தரம் இம்மியளவு குறையலாம். பிட்ரேட்டைச் சற்றுக் கூட்டினால் வாடிக்கையாளர் கண்ணுக்கு வேறுபாடு தெரியாது. தொகுக்கும்போது 4கே காட்சிகள் தடங்கினால் அதற்கு மருந்து, தொகுக்கும்போது மட்டும் பயன்படும் சிறிய பிரதிகளான புரொக்ஸி கோப்புகள்.

இத்தனையும் செய்த பின்னரும் வேகம் போதாது என்றால், கணினி முழுவதையும் மாற்றத் தேவையில்லை. பயோஸைப் புதுப்பித்தால் தங்கள் பி450 போர்டே ரைசன் 7 5700எக்ஸ் செயலியை ஏற்கும். எட்டுக் கருக்கள், அதே 65 வாற்று வகுப்பு. ஒரே மீடிறனில் முந்திய தலைமுறையைவிட 19 சதவீதம் அதிக வேலை செய்யும் என்று ஏஎம்டி அறிவித்த கட்டமைப்பு. தங்கள் போர்ட் மாதிரியின் செயலிப் பட்டியலை உற்பத்தியாளரின் தளத்தில் பார்த்துக்கொண்டு வாங்குங்கள். பயோஸ் புதுப்பிக்கும் அந்தச் சில நிமிடங்களில் மின்சாரம் நின்றால் போர்ட் எழும்பாமலே போகக்கூடும். யூபிஎஸ் இல்லாமல் அதில் கை வைக்கவேண்டாம்.

யூபிஎஸ் பற்றியும் ஒரு வார்த்தை. 650 வீஏ என்று எழுதியிருந்தாலும் அது தாங்கும் வாற்று அதைவிடக் குறைவு. பல மாதிரிகளில் 360 முதல் 390 வாற்றுதான். ஓவர்குளொக் செய்த செயலி அதில் ஒரு பங்கைத் தின்றுவிடும், கோப்பைச் சேமித்து மூடக் கிடைக்கும் நேரமும் அந்தளவுக்குச் சுருங்கும்.

எனக்கு ஓவர்குளொக்கிங்கில் வெறுப்பில்லை. இரவிரவாக விழித்திருந்து செய்தவன்தான். ஆனால் ஒரு மணிநேரச் சோதனையில் தேறிய அமைப்பு, நான்கு மணிநேர ரெண்டரின் கடைசியில் விழுவதையும், விழாமல் கோப்பைச் சத்தமின்றிப் பழுதாக்குவதையும் கண்டிருக்கிறேன். நிக்காஹ்வையோ தாலி கட்டும் காட்சியையோ மறுபடி எடுக்க முடியாது. சோறு போடும் கணினியில் இதைச் செய்யாதீர்கள். மருமகனுக்கு ஆசையிருந்தால் பழைய கணினி ஒன்றைக் கொடுத்துப் பழகவிடுங்கள். முதலில் சேதமில்லாத தரவுப் பிரதி. அதன் பின் மீடிறனை 25 மெகாஹேர்ட்ஸ் படிகளாக மட்டும் உயர்த்தட்டும், வோல்ற்றளவைத் தொடாமல். கணினி எழும்பவில்லையானால், மின் இணைப்பைக் கழற்றிவிட்டு, மதர்போர்டில் இருக்கும் நாணய வடிவ பற்றரியைச் சில நிமிடங்கள் வெளியே எடுத்து வைத்தால் பயோஸ் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.