'13'-இல் இல்லாத நாலாவது ஆள்

கேள்வி: பாடகர் ஓஸி ஆஸ்பர்ன் மறைந்ததிலிருந்து, அவருடைய ஹெவி மெட்டல் குழுவான பிளாக் சாபத் 2013-இல் மீண்டும் கூடி வெளியிட்ட '13' தொகுப்பைத் திரும்பத் திரும்பக் கேட்கிறேன். "பழைய சாபத் அப்படியே திரும்பி வந்திருக்கு" என்கிறார் மாமா. பெனின்சுலா கடைத்தொகுதியில் பேண்ட் டி-சட்டை தேடி அலைந்த தலைமுறை அவர். பழைய பாட்டுகளையே சூடுபண்ணிப் பரிமாறியிருக்கிறார்கள் என்பது என் கட்சி. யார் சொல்வது சரி?
– வாசகர், ஈசூன்

பதில்: மாமாவின் வாக்கியத்தில் 'அப்படியே' என்பதை அடித்துவிடுங்கள். பழைய நால்வரில் திரும்பி வந்தது மூன்று பேர்தான்: ஓஸி, கிதார் டோனி அயோமி, பேஸ் கீசர் பட்லர். டிரம்ஸ் வாசித்த பில் வார்டு, கையெழுத்துப் போடும்படியான ஒப்பந்தம் தரவில்லை என்று 2012 பிப்ரவரியில் அறிவித்து ஒதுங்கிக்கொண்டார். அவர் இடத்தில் உட்கார்ந்தவர் ரேஜ் அகெய்ன்ஸ்ட் த மெஷின் குழுவின் பிராட் வில்க். நீங்கள் இரண்டு பேரும் சண்டை போட்டிருக்க வேண்டிய விஷயம் இதுதான். அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் பேசியிருக்கிறீர்கள்.

உங்கள் குற்றச்சாட்டுக்குச் சாட்சி நிறையவே உண்டு. '13'-இலுள்ள 'லோனர்' பாட்டின் ரிஃப் (திரும்பத் திரும்ப வரும் கிதார் துணுக்கு), இவர்களுடைய 1970 பாட்டான 'என்.ஐ.பி.'க்கு ஒன்றுவிட்ட தம்பி. 'சைட்கைஸ்ட்', பழைய 'பிளானட் கேரவன்' இரண்டையும் அடுத்தடுத்துப் போட்டால் சாயல் பளிச்சென்று தெரியும். ஆனால் இது திருட்டல்ல, கேட்டு வாங்கியது. தயாரிப்பாளர் ரிக் ரூபின் இவர்களை உட்காரவைத்து முதல் தொகுப்பைக் கேட்கச் சொல்லி, அங்கிருந்து தொடங்குங்கள் என்றார். அந்த முதல் தொகுப்பு 1969 அக்டோபரில், ஏறக்குறைய ஒரே நாளில், எல்லாரும் சேர்ந்து வாசித்துப் பதிவானது.

அயோமியைப் பொறுத்தவரை நான் மாமா பக்கம். முதல் தொகுப்பின் முதல் பாட்டு மூன்றே சுரம்: கீழ் ச, மேல் ச, பிறகு பிரதி மத்யமம். கல்யாணியில் அந்த மத்யமம் பஞ்சமத்தை எட்டிப் பிடிக்கும், மங்களமாக இருக்கும். அயோமி அதைப் பஞ்சமத்துக்குப் போகவிடாமல் அங்கேயே நடுங்கவைப்பார். பயம் அங்கிருந்து வருகிறது. (வேத மெட்டல் என்று 1992 முதல் இயங்கும் நம்மூர் ருத்ரா குழுவைக் கேட்டவர்களுக்கு இந்த விளக்கம் விநோதமாகப் படாது.) பதினேழு வயதில் தொழிற்சாலை இயந்திரத்தில் இரண்டு விரல்நுனியைப் பறிகொடுத்தவர் அவர். '13' வேலை நடந்தபோது நிணநீர்ப் புற்றுநோய்க்குச் சிகிச்சையும் நடந்தது. ஆனால் 'ஏஜ் ஆஃப் ரீசன்' கேட்டால் அந்தக் கையில் தளர்ச்சியே தெரியாது.

இனி டிரம்ஸ். வார்டு ஜாஸ் கேட்டு வளர்ந்தவர். ஜாஸ் டிரம்ஸ் கலைஞர் ஜீன் க்ரூப்பா அவருக்கு ஆதர்சம். ஒரு தட்டை மூன்றாகப் பிரித்து, நடுவிலிருப்பதை விழுங்கிவிட்டு, முதலாவதையும் மூன்றாவதையும் மட்டும் வாசிப்பது ஸ்விங். நம் கணக்கில் திஸ்ர நடையின் சாயல். அந்த நடை இருப்பதால்தான் பழைய சாபத் எவ்வளவு கனத்தாலும் தேர் மாதிரி அசைந்து போகும். கிதார் மூச்சு விடும் இடைவெளியிலெல்லாம் வார்டு ஏதாவது பேசிக்கொண்டே இருப்பார். வில்க் தப்பே செய்யவில்லை. காலப்பிரமாணம் கல்லில் அடித்ததுபோல் நிற்கிறது. ஆனால் அவர் வாசிப்பது ரிஃபுக்குக் கீழே அடிக்கோடு போடுவது; வார்டு வாசித்தது ரிஃபுக்குச் சொல்லும் மறுமொழி. அதனால்தான் '13'-இல் ஏழெட்டு நிமிடப் பாட்டுகள் நடுவில் நடை கனத்துப்போகின்றன. 'டேமேஜ்ட் சோல்' மட்டும் தப்புகிறது. ப்ளூஸ் என்பதால் அதில் எல்லாருக்குமே ஸ்விங் தானாக வந்துவிடுகிறது, ஓஸியின் மௌத் ஆர்கன் உட்பட.

இன்னொரு குறை ஒலியில். டிஜிட்டல் பதிவில் சத்தத்துக்கு உச்ச வரம்பு உண்டு. அதைத் தாண்ட முடியாது. மொத்தத்தையும் சத்தமாக்க வேண்டுமென்றால் ஸ்னேர் டிரம் அடியின் தலையைச் சீவி, மற்றதையெல்லாம் மேலே ஏற்ற வேண்டும். '13'-இல் அதைத்தான் செய்திருக்கிறார்கள். ரூபின் தயாரித்த மெட்டாலிகா குழுவின் 2008 தொகுப்பு 'டெத் மேக்னெட்டிக்' மீதும் இதே புகார் எழுந்தது. எம்ஆர்டி இரைச்சலில் இது உங்களுக்கு உறைக்காது. வீட்டில் நல்ல ஹெட்போனில் மூன்றாவது பாட்டுக்குள் காது சோர்ந்துவிடும்.

சோதித்துப் பார்க்க வேண்டுமானால், முதலில் ஸ்பாட்டிஃபை அமைப்புகளில் ஒலியளவைச் சமன்செய்யும் வசதியைப் போடுங்கள். இல்லாவிட்டால் சத்தமான பாட்டே நல்ல பாட்டு என்று காது ஏமாறும். பிறகு 'என்.ஐ.பி.', உடனே 'லோனர்'. கிதாரை மறந்துவிட்டு ஸ்னேரையும் சிம்பலையும் மட்டும் தொடருங்கள். இரண்டு நிமிடம் போதும்.

மாமா இன்னும் ஒப்புக்கொள்ளாவிட்டால் இதைச் சொல்லுங்கள்: 2025 ஜூலை 5, பர்மிங்ஹாம் வில்லா பார்க்கில் ஓஸியின் கடைசி மேடை. அன்று வார்டும் வந்தார். நால்வரும் சேர்ந்து வாசித்தது நாலே பாட்டு, எல்லாம் 1970-இல் வெளிவந்தவை. '13'-இலிருந்து ஒன்றுகூட இல்லை.

அதற்காகத் தொகுப்பைத் தூக்கிப் போடச் சொல்லவில்லை. 'லிவ் ஃபாரெவர்' பாட்டை எடுத்துவிட்டு, டீலக்ஸ் பதிப்பிலுள்ள 'மெத்தடெமிக்', 'பரையா' இரண்டையும் அங்கே செருகிப் பாருங்கள், துடிப்பு கூடும். 'டியர் ஃபாதர்' மட்டும் கடைசியில்தான் இருக்கவேண்டும். முதல் தொகுப்பைத் தொடங்கிவைத்த மழையும் இடியும் மணியும் அதன் முடிவில் திரும்ப வருகின்றன. ஆகவே தம்பி, ஷஃபிளை அணைத்துவிட்டுக் கேளுங்கள்.