பட்டினி கிடந்தது ஒரு தகுதியா?

கேள்வி: வறுமையில் வாழ்ந்தவர்களே வறுமைக்கு எதிரான அமைப்புகளை வழிநடத்த வேண்டும் என்று போன இதழில் எழுதியிருந்தீர்கள். நோயாளியாக இருந்தவரெல்லாம் டாக்டர் ஆகிவிட முடியுமா? சட்டமும் பட்ஜெட்டும் தெரிந்த படித்தவர்கள் முன்னால் நிற்பதுதானே அந்த மக்களுக்கே நல்லது? நானும் ஒரு அறக்கட்டளையில் செயற்குழு உறுப்பினர். அனுபவத்தில் கேட்கிறேன்.
– வாசகர், தஞ்சாவூர்

பதில்: டாக்டரையே எடுத்துக்கொள்வோம். அவர் முதலில் என்ன கேட்கிறார்? எங்கே வலிக்கிறது, எத்தனை நாளாக, ராத்திரியில் கூடுதலா என்று கேட்கிறார். நோயாளி வாய் திறப்பதற்குள் எழுதிய மருந்துச் சீட்டுக்கு நீங்கள் ஃபீஸ் கொடுப்பீர்களா? ஏழைகள் விஷயத்தில் மட்டும் அப்படி எழுதிய சீட்டுகளைத்தான் திட்டம் என்று நீட்டிக்கொண்டிருக்கிறோம்.

‘தலைவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தால் தெரியும்’ என்று சொல்லி நான் நழுவப் போவதில்லை. அந்தப் பழமொழி வலியைப் பற்றியது. நான் பேசுவது விவரத்தைப் பற்றி. இல்லாமையில் குடும்பம் நடத்துகிறவருக்கு மட்டும் தெரிந்த விவரங்கள் இருக்கின்றன. அவை எந்தப் பட்டப்படிப்பிலும் இல்லை. அவை இல்லாமல் போட்ட திட்டம் கட்டி முடித்த அன்றே பாழாகிறது.

புனேயில் 1999 முதல் 2001 வரை, குடிசைப் பகுதிகளில் நூற்றுக்கணக்கான பொதுக் கழிப்பறைகள் கட்டப்பட்டன. அவற்றில் ஒரு பகுதியைக் கட்டியது தேசியக் குடிசைவாசிகள் கூட்டமைப்பும், மகிளா மிலன் என்ற பெண்கள் அமைப்பும், ஸ்பார்க் என்ற தொண்டு நிறுவனமும் சேர்ந்த அணி. மகிளா மிலன் பெண்கள் நடைபாதையிலும் குடிசையிலும் குடும்பம் நடத்தியவர்கள். அவர்கள் வரைபடத்தில் சேர்க்கச் சொன்னவற்றில் ஒன்று குழந்தைகளுக்கான தனிக் கழிப்பறை. ஏன் தெரியுமா? காலையில் வரிசை நீளும்போது பெரியவர்கள் குழந்தைகளை ஒதுக்கிவிட்டு உள்ளே போய்விடுவார்கள். பெரியவர்களின் இருட்டறையும் அகலமான குழியும் சின்னப் பிள்ளைக்குப் பயம், விழுந்துவிடுவோமோ என்று. அதனால் பிள்ளைகள் சாக்கடை ஓரத்தில் உட்காரும். ஆகவே சின்னக் குழி, குந்தும்போது பிடித்துக்கொள்ளக் கைப்பிடி, கதவு அடைக்காத வெளிச்சமான இடம். ஆணுக்கும் பெண்ணுக்கும் வரிசையே தனித்தனி. பராமரிப்பவர் குடும்பத்தோடு அங்கேயே தங்க ஒரு அறை, ராத்திரியில் விளக்கு அணையாமலும் தண்ணீர் நிற்காமலும் பார்த்துக்கொள்ள. இதில் எந்த இடத்தில் எம்.ஏ. பட்டம் தேவைப்பட்டது? கையில் பிள்ளையோடு அந்த வரிசையில் நின்றவருக்குத்தான் இது தோன்றும். கட்டட விதிகளை நெட்டுருப் போட்ட பொறியாளருக்குத் தோன்றவில்லையே!

அந்தக் கூட்டமைப்பை வளர்த்த ஜோக்கின் அற்புதம் நம் தமிழர், கோலார் தங்கவயல்காரர். பதின்ம வயதில் பம்பாய்க்கு ஓடி, தச்சு வேலை செய்து, டிராம்பே பக்கம் ஜனதா காலனி என்ற குடிசைப் பகுதியில் தங்கியவர். அங்கே குப்பை அள்ள ஆள் வருவதில்லை. அவர் கண்டனக் கூட்டம் போடவில்லை. காலனிப் பிள்ளைகளைச் சேர்த்து, ஆளுக்கு ஒரு பொட்டலம் குப்பையைத் தூக்கச் சொல்லி, நேரே மாநகராட்சி அலுவலக வாசலில் கொண்டுபோய்க் கொட்டவைத்தார். பக்கத்து அணுசக்தி மையத்துக்காகக் காலனியைக் காலி செய்ய அரசு முனைந்தபோது பல வருடம் நின்று போராடினார். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976 மே மாதம், காலனி இடிக்கப்பட்டது. சுமார் 70,000 பேர் சீட்டா கேம்ப்புக்கு மாற்றப்பட்டார்கள். இடித்த பிறகு எதிர்த்துக் கத்துவதைவிட, இடிப்பதற்கு முன்பே நம் கணக்கை நாமே எழுதி வைத்திருக்க வேண்டும் என்பது அந்தத் தோல்வி சொல்லிக்கொடுத்த பாடம். ஒரு குடிசையில் எத்தனை பேர், எந்த ஊர், என்ன வேலை, எத்தனை வருடமாக? இந்தப் பட்டியல் யார் கையில் இருக்கிறதோ அவர் பேச்சுதான் எடுபடும்.

1981 மழைக்காலத்தில் பம்பாய் நடைபாதைவாசிகளை அப்புறப்படுத்த அரசு கிளம்பியது. வழக்கு உச்ச நீதிமன்றம் போனது. 1985 ஜூலையில் தீர்ப்பு வந்தது. வாழும் உரிமையில் பிழைப்புக்கான உரிமையும் அடக்கம் என்ற அந்த வரியைச் சட்டக் கல்லூரிகளில் இன்றும் பாடமாக நடத்துகிறார்கள். ஆனால் அதே தீர்ப்பு, மழை ஓய்ந்த பிறகு குடிசைகளை அகற்றிக்கொள்ளலாம் என்றும் சொன்னது. நடைபாதையில் குடியிருந்தவர்களும் அதில் மனுதாரர்கள்தான். ஆனாலும் ஓல்கா டெல்லிஸ் என்ற பத்திரிகையாளரின் பெயரில்தான் வழக்கு நிற்கிறது. அவர் செய்தது நல்ல காரியம், சந்தேகமில்லை. ஆனால் தீர்ப்பின் அழகான வரி நமக்கு மனப்பாடம். இடிக்கலாம் என்ற வரி பைகுல்லா நடைபாதையில் அடுப்பு மூட்டிய பெண்ணுக்கு மனப்பாடம். முதலில் யாரிடம் யோசனை கேட்டிருக்க வேண்டும், நீங்களே சொல்லுங்கள்.

அதே 1985இல் ஸ்பார்க்கும் நடைபாதை மக்களும் சேர்ந்து ஏறத்தாழ 6,000 குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள். வேலைக்கு நடந்தே போகிற தூரத்தில்தான் இவர்கள் படுக்கிறார்கள், பஸ் காசு கொடுத்தால் கூலி மிஞ்சாது என்பது எண்ணாக, எழுத்தாக முதல்முறை வந்தது. 1986இல் மகிளா மிலன் பிறந்தது. அவர்கள் சேமிப்பு நடத்திய விதத்தைப் பாருங்கள். பலருக்கும் எழுதப் படிக்கத் தெரியாது. ஒவ்வொருத்திக்கும் ஒரு பிளாஸ்டிக் பை. போடுகிற தொகைக்கு ஏற்ற நிறத்தில் ஒரு காகிதத் துண்டு அந்தப் பைக்குள் விழும். நிறம்தான் தொகை, பைதான் பாஸ்புக். வசூலிக்கிற பெண் தினமும் வீடு வீடாக ஏறி இறங்குவதால் யார் வீட்டில் காய்ச்சல், யார் புருஷனுக்கு வேலை போச்சு என்பதெல்லாம் ராத்திரிக்குள் தெரிந்துவிடும். அரிசிக்கும் மருந்துக்கும் கடன் அந்தச் சேமிப்பிலிருந்தே போகும். பட்ஜெட் தெரியாதவர்கள் என்றா சொன்னீர்கள்? இருபது ரூபாயில் ஒரு நாளை ஓட்டுகிறவளைவிட பட்ஜெட் தெரிந்தவர் யார் ஐயா?

ஜோக்கின் அற்புதத்தோடு முடியவில்லை. அதே தங்கவயலில் பிறந்தவர் பெசவாடா வில்சன். எடுப்புக் கக்கூஸ் சுத்தம் செய்த குடும்பம். கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டம் 1993இல் வந்தது. அவரும் மற்றவர்களும் சேர்ந்து தொடங்கிய சஃபாய் கர்மசாரி ஆந்தோலன் என்ற துப்புரவுத் தொழிலாளர் இயக்கம் 2003இல் உச்ச நீதிமன்றத்தில் மனுப் போட்டது. எங்கள் மாநிலத்தில் எடுப்புக் கக்கூஸே கிடையாது என்று அரசுகள் பிரமாணப் பத்திரம் தாக்கல் செய்தன. இவர்கள் போட்டோவைக் கொண்டுவந்து வைத்தார்கள்: இதோ கக்கூஸ், இதோ வாளி, இதோ அள்ளுகிற பெண். எந்தச் சந்தில் எந்த வீட்டுப் பின்புறம் என்பது அந்த வேலைக்குப் போனவர்களுக்குத்தானே தெரியும்? 2014 மார்ச் 27 அன்று தீர்ப்பு வந்தது. 1993 முதல் சாக்கடையிலும் மலக்குழியிலும் இறந்தவர்களின் குடும்பத்துக்குத் தலா 10 லட்சம் ரூபாய் என்று உத்தரவானது.

உங்கள் பக்கம் நியாயமே இல்லை என்று சொல்லமாட்டேன். பட்டவர் என்பதாலேயே ஒருவர் எல்லாருக்கும் பேசிவிட முடியாது. உலக வங்கிக் கடனில் நடந்த நகரப் போக்குவரத்துத் திட்டத்துக்காக, பம்பாய் ரயில் பாதையோரக் குடிசைகளில் இருந்த பத்தாயிரத்துக்கும் அதிகமான குடும்பங்களை, மக்களோடு பேசி, போலீஸ் தடி இல்லாமல் இடம் மாற்றியது கூட்டமைப்பு, மகிளா மிலன், ஸ்பார்க் சேர்ந்த அணிதான். பெரிய சாதனை. ஆனால் அதே போக்குவரத்துத் திட்டத்தில் கடை இழக்கிறவர்கள், எங்கள் குரல் எங்கே என்று 2004இல் உலக வங்கியின் விசாரணைக் குழுவிடம் போனார்கள். வாடகைக் குடிசைக்காரரின் கவலை வேறு, சொந்தக் குடிசைக்காரரின் கவலை வேறு, பெட்டிக்கடைக்காரரின் கவலை வேறு. ஒரே ஒரு ஏழையை மேடையில் உட்காரவைத்துவிட்டு ஏழைகளைக் கேட்டாயிற்று என்று கைகழுவக் கூடாது. பல பேர் வேண்டும், அதிலும் பெண்கள் வேண்டும்.

படித்தவர்களுக்கு வேலையில்லை என்றும் நான் எழுதவில்லை. ஸ்பார்க்கில் இருந்தவர்கள் படித்தவர்கள்தான். கணக்கு எழுதினார்கள், மனுவை ஆங்கிலத்தில் ஆக்கினார்கள், அதிகாரியிடம் நேரம் வாங்கிக் கொடுத்தார்கள். என்ன கேட்பது, எதற்கு ஒப்புவது, எதற்கு மறுப்பது என்பதை நடைபாதைப் பெண்கள் முடிவு செய்தார்கள். இந்த இரண்டு வேலைக்கும் உள்ள கோட்டைத்தான் நம் ஊரில் அழித்துவிடுகிறார்கள்.

சில வருடங்களுக்கு முன் சென்னையில் ஒரு கருத்தரங்குக்குப் போயிருந்தேன். ஆற்றங்கரையிலிருந்து நகருக்கு வெளியே குடியமர்த்தப்பட்ட ஒரு மீன் விற்கும் அம்மாவை அழைத்திருந்தார்கள். அவருக்கு ஐந்து நிமிடம். வீடு இடிந்த கதையைச் சொல்லி அழுதார். அரங்கமே கலங்கியது. சால்வை போர்த்தினார்கள். மத்தியானம் ‘செயல்திட்ட அமர்வு’ தொடங்கியபோது அவர் ஹாலில் இல்லை, சாப்பாடு முடிந்ததும் வேனில் ஏற்றி அனுப்பிவிட்டார்கள். வேன் கிளம்புமுன் அவரிடம் பேச்சுக் கொடுத்தேன். “அங்கேர்ந்து மொத பஸ்ஸப் புடிச்சி காசிமேடு போறதுக்குள்ள ஏலம் முடிஞ்சிடுதுப்பா. ஆட்டோவுக்குக் குடுத்தா லாபம் அதுலயே போவுது. இத சொல்லலாம்னுதான் வந்தேன், வீடு இடிஞ்சத மட்டும் சொல்லச் சொன்னாங்க” என்றார். அமர்வின் முடிவில் வெளியான பதினோரு தீர்மானங்களையும் படித்தேன். விடிகாலை பஸ் பற்றி ஒரு வரி இல்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை. போன இதழில் எழுதியதும் அதனால்தான்.

உங்கள் அறக்கட்டளைக்கு வருகிறேன். செயற்குழு எந்தக் கிழமை, எத்தனை மணிக்குக் கூடுகிறது? வேலைநாளில் காலை பதினோரு மணி என்றால், அன்றாடக் கூலிக்குப் போகிறவர் யாரும் வரக்கூடாது என்று நீங்களே கதவை அடைத்துவிட்டீர்கள். ராத்திரி ஏழரைக்கு வையுங்கள். அவர்கள் தெருவிலேயே வையுங்கள். பகலில்தான் முடியும் என்றால், வருகிறவருக்கு அன்றைய கூலியையும் பஸ் காசையும் கையில் கொடுங்கள். வக்கீலுக்குக் கொடுப்பதில்லையா? பாதிக்கு மேல் இடங்களை அவர்களுக்கு விடுங்கள். காசோலையில் கையெழுத்துப் போடும் இரண்டு பேரில் ஒருவர் அவர்களில் இருக்கட்டும். தீர்மானத்தைத் தமிழில் உரக்கப் படித்துக் காட்டிய பிறகே நிறைவேற்றுங்கள். ஆறு மாதம் இப்படி நடத்திப் பார்த்துவிட்டு, அந்தக் கூட்டங்களில் வந்த கேள்விகளை எனக்கு எழுதுங்கள். அப்படியே அச்சிடுகிறேன்.