தே தாரிக் இழுக்கும்போது சூடு எங்கே போகிறது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் ஒட்டுக்கடையில் தே தாரிக் இழுப்பதை, அதாவது பால் தேநீரை உயரத்திலிருந்து குவளைக்குக் குவளை மாற்றி ஊற்றுவதைப் பார்த்துவிட்டு, ஆற்றல் அழியாதென்றால் அந்தச் சூடு எங்கே போகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். காற்றுக்குத்தான்.

வேடிக்கை என்னவென்றால், இழுப்பது தேநீரைக் கொஞ்சம் சூடாக்கவும் செய்கிறது! 250 கிராம் தேநீர் 1 மீட்டர் விழுந்தால், தேநீர் இழுக்கும் அண்ணனின் கை உழைப்பில் சுமார் 2.5 ஜூல் (ஜூல் என்பது ஆற்றலை அளக்கும் அலகு) வெப்பமாகிவிடும். 1840களில் இயற்பியலாளர் ஜேம்ஸ் ஜூல் தண்ணீரைத் துடுப்பால் கலக்கி அளந்ததும் இந்த மாற்றத்தைத்தான்.

சரி, அப்புறம் ஏன் ஆறுகிறது? 20 டிகிரி இறங்க ஏறக்குறைய 21,000 ஜூல் வெளியேற வேண்டும். அதன் முன் 2.5 எம்மாத்திரம்? நீளமாக இழுத்தால் காற்றுபடும் பரப்பு கூடும், நீர் வேகமாக ஆவியாகும். ஆவியாகும் ஒவ்வொரு கிராமும் சுமார் 2,300 ஜூலைக் கொண்டுபோகும். மிச்சத்தைக் காற்று நேரடியாக வாங்கிக்கொள்கிறது. கடைக்குள் புழுக்கம் கூடுவதில் உங்கள் தேநீருக்கும் பங்குண்டு.