எட்டாம் இலக்கச் சட்டையும் எச்.எஸ்.சி. சோதனையும்

அன்புள்ள தங்கச்சிக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு தரம் வாசித்தேன். மகனுக்கு 16 வயது, 96 கிலோ. 17 வயதுக்குட்பட்டவர்களின் ரக்பி லீக் பயிற்சி அணிக்கு அழைப்பு வந்திருக்கிறது. அன்றிலிருந்து வீட்டில் அவனுடைய அப்பா அவனோடு கதைப்பதில்லை. "டொக்டராக வராவிட்டாலும் பரவாயில்லை அண்ணா, ஒழுங்கான ஒரு வேலைக்காவது போகட்டும்" என்று எழுதியிருந்தீர்கள். சரி, அவன் கேட்கும் வேலை என்ன வேலை என்று முதலில் பார்ப்போம். இதை அப்பாவுக்கும் வாசித்துக் காட்டுங்கள்.

ரக்பி லீக்கில் ஒரு பக்கத்துக்கு 13 பேர். அதில் ஆறு பேர் ஃபோர்வர்ட், அதாவது முன்வரிசை ஆட்டக்காரர். உங்கள் மகனைப் 'ப்ரொப்' என்று சொல்லியிருக்கிறார்கள். 8, 10 என்று முதுகில் போட்டுக்கொண்டு ஓடுபவர்கள் அவர்கள்தான். பந்து கிடைத்தால் ஆறு தடவை பிடிபடும்வரைதான் ஆடலாம். அந்த ஆறில் முதல் இரண்டு, மூன்று ஓட்டங்கள் பெரும்பாலும் ப்ரொப்பின் தலையில் விழும். எதிரே மூன்று பேர் நிற்பார்கள் என்று தெரிந்தே நேராகப் போய் மோதவேண்டும். நம் ஊர்ச் சடுகுடுவில் பாடிப் போகிறவன் நழுவப் பார்ப்பான். இவன் நழுவவே கூடாது, விழுந்தாலும் முன்னால்தான் விழவேண்டும். விழுந்தவன் எழுந்து பந்தைக் காலால் பின்னுக்கு உருட்டும் அந்த இரண்டு, மூன்று விநாடியில்தான் அடுத்த ஓட்டத்தின் தலைவிதி இருக்கிறது.

போன வருடம் இங்கே சிட்னியில், வென்ட்வர்த்வில் ரிங்ரோஸ் பார்க்கில் ஒரு காலை ஆட்டம் பார்த்தேன். பெரிய உடம்புக்காரப் பெடியன் ஒருவன். மோதும்போது அவன் செய்தது எனக்குப் பெரிதாகப் படவில்லை. மற்றப் பக்கம் பந்து போனபிறகு என்ன செய்தான் என்றுதான் பார்த்தேன். ஒவ்வொரு பிடிக்கும் பிறகு தடுப்பு வரிசை பத்து மீட்டர் பின்வாங்க வேண்டும். நாலாவது தடவை இவன் இடுப்பில் கையை வைத்து நின்றுவிட்டான். கோட்டுக்கு வெளியே கொப்பியோடு நின்ற ஒருவர் ஏதோ குறித்துக்கொண்டார். ஆட்களைத் தெரிவு செய்கிறவர்கள் இப்படியானவற்றைத்தான் குறிப்பார்கள். உங்கள் மகனிடம் இதை மட்டும் சொன்னாலே என் கட்டணம் கழிந்தது.

இன்னொன்றையும் சொல்லவேண்டும். 16 வயதில் 96 கிலோ என்பது பெரிய சொத்து மாதிரித் தெரியும். அவனுக்கு மீசை கொஞ்சம் முந்தி முளைத்திருக்கிறது, அவ்வளவுதான். 19 வயதில் மற்றவர்களும் அந்த எடைக்கு வந்துவிடுவார்கள். அப்போது இவனிடம் எடையைத் தவிர வேறு என்ன இருக்கிறது என்பதுதான் கேள்வி.

ஏணி எப்படி என்றால், 17 வயதுக்குட்பட்டோருக்கு ஹெரல்ட் மத்தியூஸ் கோப்பை, 19 வயதுக்குட்பட்டோருக்கு எஸ்.ஜி. போல் கோப்பை, 21 வயதுக்குட்பட்டோருக்கு ஜேர்சி ஃபிளெக், பிறகு பெரியவர்களின் நியூ சவுத் வேல்ஸ் கோப்பை. அதற்கும் மேலேதான் அவுஸ்திரேலியாவின் உச்சப் போட்டியான என்.ஆர்.எல். இப்போது அங்கே 17 கழகங்கள், கழகத்துக்கு 30 பேர் கொண்ட முதல் பட்டியல். ஆகப் பெருக்கினாலும் 510 பேர். 2027இல் பேர்த்தும் 2028இல் பப்புவா நியூ கினியும் சேர்வதால் கதவு கொஞ்சம் அகலமாகிறது. இங்கே சரிவராவிட்டால் இங்கிலாந்தில் சூப்பர் லீக் இருக்கிறது. ஆனால் கீழ்ப்படிகளில் நிற்கும் பிள்ளைகளை எண்ணினால் இது எவ்வளவு ஒடுங்கிய வாசல் என்பது விளங்கும்.

காசைப் பற்றி அப்பா கேட்டிருந்தார். 2023இல் வந்த ஆட்டக்காரர் சம்பள ஒப்பந்தத்தின்படி முதல் 30 பேருக்குள் இருப்பவரின் குறைந்தபட்ச ஆண்டுச் சம்பளம் சுமார் 1,20,000 டொலரில் தொடங்கியது, வருடாவருடம் கூடிக்கொண்டு போகிறது. உச்சியில் நிற்கும் ஃபோர்வர்ட் பத்து லட்சத்துக்கும் மேல் வாங்குவார். 30 பேருக்கு வெளியே நிற்பவர்களில் பலர் காலையில் வேலைக்குப் போய், பின்னேரம் பயிற்சிக்குப் போகிறவர்கள். அப்பாவுக்கு ஒரு பழங்கதையும் சொல்லுங்கள். 1895இல் இங்கிலாந்தின் வடக்கில் சுரங்கத்திலும் ஆலையிலும் வேலை செய்தவர்கள், ஆட்டத்துக்காக விட்ட கூலியைக் கேட்டார்கள். தரமாட்டோம் என்றதால் ஹடர்ஸ்ஃபீல்டில் கூடி, பழைய ரக்பியை விட்டுப் பிரிந்தார்கள். அந்தச் சண்டையில் பிறந்ததுதான் இந்த லீக். சம்பளம் கேட்பது இந்த ஆட்டத்துக்குப் புதிதில்லை.

நல்ல செய்தி ஒன்றும் உண்டு. பின்வரிசை ஆட்டக்காரர் சிலர் 18, 19 வயதிலேயே மேலே வந்துவிடுவார்கள். ப்ரொப்புக்கு உடம்பு முற்றவேண்டும், 24, 25 தாண்டித்தான் பலர் தேறுவார்கள். பிஜியில் பிறந்த ப்ரொப் பெட்டெரோ சிவோனிசெவா என்.ஆர்.எல்.இல் முதல் ஆட்டத்துக்கு வந்தபோது வயது 21, 22 இருக்கும். பிறகு 2012 வரை 309 ஆட்டங்கள் ஆடி, 36 வயதில்தான் விட்டார். அதனால் 'இப்போதே படிப்பை விட்டால்தான் பிடிக்கலாம்' என்று யாராவது சொன்னால் நம்பவேண்டாம். அவனுக்கு நேரம் இருக்கிறது. ஒரு பட்டமோ தொழிலோ முடிக்க அந்த நேரம் தாராளமாகக் காணும்.

இதில் நானே ஒரு பிழை விட்டவன். சில வருடங்களுக்கு முன் ஒரு குடும்பத்துக்கு, 'ஆட்டப் பருவம் முடியும்வரை மின்சார வேலைப் பயிற்சியை நிறுத்தி வைக்கலாம்' என்று சொன்னேன். ஜனவரியில் பெடியனின் முழங்கால் போனது. திரும்பிப் போய்க் கேட்டபோது அந்த இடத்தில் வேறொருவன் நின்றான். இரண்டு வருடம் வீணாகியது. அதற்குப் பிறகு 'நிறுத்தி வைக்கலாம்' என்று நான் யாருக்கும் சொல்வதில்லை. குறைக்கலாம், பகுதிநேரமாக்கலாம், நிறுத்த வேண்டாம்.

உங்களுக்கு வரப்போகும் உண்மையான இடைஞ்சல் நாட்காட்டியில் இருக்கிறது. இளையோர் ஆட்டங்கள் பிப்ரவரியில் தொடங்கும், அதற்கான பயிற்சி நவம்பர் பக்கமே ஆரம்பம். பள்ளிப் படிப்பின் கடைசிச் சோதனையான எச்.எஸ்.சி.யும் அக்டோபர், நவம்பரில்தான். பன்னிரண்டாம் வகுப்பில் இரண்டும் நேருக்கு நேர் மோதும். அந்த நாலு கிழமைக்குப் பயிற்சியில் விடுப்பு வேண்டும் என்று பயிற்றுநரிடம் இப்போதே கேளுங்கள். முகம் சுளித்தால் அந்தக் கழகத்தைப் பற்றி நீங்கள் தெரிந்துகொண்டீர்கள். செவன் ஹில்ஸில் இருக்கும் ஹில்ஸ் விளையாட்டு உயர்நிலைப் பள்ளி மாதிரியான இடங்களில் பாடத்தையும் பயிற்சியையும் ஒரே நேரசூசியில் போடுவார்கள், அதையும் போய்ப் பாருங்கள்.

இனி நீங்கள் கேட்காமல் விட்ட விஷயம். கை, கால் முறிவுக்குத்தான் பயப்படுகிறீர்கள். ஃபோர்வர்ட் சாம் பர்ஜெஸ் 2014 என்.ஆர்.எல். இறுதி ஆட்டத்தில் முதல் மோதலிலேயே கன்ன எலும்பு உடைந்தும் முழு ஆட்டமும் ஆடி, அன்றைய சிறந்த வீரர் விருதை வாங்கினார். பிள்ளைகள் அந்தக் காட்சியைத் திரும்பத் திரும்பப் பார்ப்பார்கள். அதே மனிதர் 2019இல், 30 வயதில், தோள் பழுதாகி ஓய்வுபெற்றதை யாரும் போட்டுப் பார்ப்பதில்லை. எனக்குப் பயம் தலையைப் பற்றித்தான். சிட்னி ரூஸ்டர்ஸ் கழகத்தின் அணித்தலைவராக இருந்த பாய்ட் கோர்ட்னர் 2021இல், 29 வயதில், தலை அடிபட்ட காரணத்தால் ஆட்டத்தை விட்டார். அதே கழகத்தின் ஜேக் ஃபிரெண்டும் அதே வருடம், அதே காரணம். முன்னாள் ஃபோர்வர்ட் ஸ்டீவ் ஃபோக்ஸ் இறந்தபின் மூளையைப் பரிசோதித்ததில், திரும்பத் திரும்ப அடிபடுவதால் வரும் மூளைச் சிதைவு நோய் இருந்தது 2019இல் தெரியவந்தது.

என்.ஆர்.எல். ஆட்டக்காரருக்கு மூளை அதிர்ச்சி என்று உறுதியானால் பொதுவாக 11 நாள் ஓய்வு, இது 2023இல் வந்த விதி. 19 வயதுக்குட்பட்டவர்கள் மோதல் ஆட்டத்துக்குத் திரும்ப ஆகக் குறைந்தது 21 நாள் வேண்டும் என்கிறது அவுஸ்திரேலிய விளையாட்டு நிறுவனத்தின் 2024 வழிகாட்டல். பிரச்சினை என்னவென்றால், பெடியன்கள் மறைப்பார்கள். 'தலை சுத்தேல்ல அம்மா' என்பான். ஆட்டம் முடிந்த இரவு சாப்பாட்டு மேசையில் அவன் முகத்தைப் பாருங்கள். வெளிச்சம் கூசுகிறதா, கேட்டதையே திரும்பக் கேட்கிறானா? மறைத்தான் என்று ஒரு தரம் தெரிந்தால் அந்தப் பருவம் முடிந்தது என்று இப்போதே அவனோடு பேசி முடிவு செய்யுங்கள். இந்த ஒன்றில் மட்டும் நான் அப்பா பக்கம்.

மற்றபடி விடுங்கள், ஆடட்டும். ஒப்பந்தம் என்று ஏதாவது தாள் வந்தால் நீங்கள் கையெழுத்து வைக்க முதல் எனக்குக் காட்டுங்கள். கொண்டுவருபவர் அங்கீகாரம் பெற்ற முகவரா, படிப்புச் செலவை யார் தருகிறார்கள், காயப்பட்டால் சம்பளம் எத்தனை மாதம் என்ற மூன்றையும் எழுத்தில் கேட்கவேண்டும். வாய்ப்பேச்சு வேண்டாம்.

வியாழக்கிழமை ரியூஷனை முதலில் வேறு நாளுக்கு மாற்றுங்கள், அன்றுதான் பயிற்சி என்று எழுதியிருந்தீர்கள். அவனைக் கொண்டுபோய் விடும் வேலையை அப்பாவிடம் கொடுங்கள். காருக்குள் இருபது நிமிடம் கதைக்காமல் இருப்பது கஷ்டம்.