பேட்ஜ் 380 காட்டுகிறது. ரத்தம் என்ன சொல்லும்?

கேள்வி: குழாய் வெல்டிங்கைக் காமா கதிரால் படமெடுத்துச் சோதிக்கும் ரேடியோகிராஃபி வேலையில் ஒன்பது வருடமாக இருக்கிறேன். உடம்பில் படும் கதிர்வீச்சை அளக்க மாட்டிக்கொள்ளும் என் டிஎல்டி பேட்ஜ் போன காலாண்டுக்கு 380 மில்லிசீவெர்ட் என்று வந்திருக்கிறது. ஒருநாள் பேட்ஜ் மாட்டிய சட்டையைக் கழற்றி ஷாட், அதாவது கதிர்ப்படம், எடுக்கும் இடத்திலேயே போட்டுவிட்டு வந்தது நினைவிருக்கிறது. ஆனால் அது மட்டும்தான் காரணம் என்று சத்தியம் பண்ண முடியவில்லை. சாதாரண ரத்தப் பரிசோதனையில் எல்லாம் நார்மல். அப்படியென்றால் எனக்கு ஒன்றுமில்லைதானே? குரோமோசோம் டெஸ்ட் எடுக்கச் சொல்கிறார்கள். நான்கு மாதம் கழித்து அதில் என்ன தெரியும்? என் மனைவிக்கு இந்த வருடம் இரண்டு முறை வயிற்றில் சிடி ஸ்கேன் எடுத்தார்கள். அவளும் இந்த டெஸ்ட் எடுத்துக்கொள்ளலாமா?

பதில்: நார்மல் ரிப்போர்ட்டை வைத்து நிம்மதியும் அடைய வேண்டாம், பயப்படவும் வேண்டாம். உங்கள் கேள்விக்கு அந்தச் சோதனையிடம் பதிலே கிடையாது.

கதிர்வீச்சு பட்டால் ரத்தத்தில் முதலில் சரிவது லிம்ஃபோசைட் என்ற வெள்ளையணு. ஆனால் அந்தச் சரிவு கண்ணுக்குப் படுவதற்கே ஏறத்தாழ அரை கிரே, அதாவது 500 மில்லிகிரே, முழு உடம்பிலும் ஒரேயடியாகப் பட்டிருக்க வேண்டும். கிரே என்பது உடம்பு வாங்கிய கதிரின் அலகு. காமா கதிரைப் பொறுத்தவரை மில்லிகிரேயும் மில்லிசீவெர்ட்டும் ஒரே எண் என்றே வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் 380 உண்மையாகவே இருந்தாலும் எண்ணிக்கை பெரிதாக அசைந்திருக்காது. கொஞ்சம் அசைந்திருந்தாலும் நான்கு மாதத்தில் பழைய நிலைக்கு வந்திருக்கும். பெரிய விபத்தின் முதல் இரண்டு நாளில்தான் இந்தச் சோதனைக்கு மரியாதை. ஆறேழு மணிக்கொரு தரம் ரத்தம் எடுத்து, லிம்ஃபோசைட் எவ்வளவு வேகமாகக் கீழே போகிறது என்று பார்ப்பார்கள். மைக்ரோலிட்டருக்கு 1,500க்கு மேல் இருக்க வேண்டியது 48 மணி நேரத்துக்குள் 500க்குக் கீழே போனால் உயிருக்கே ஆபத்து என்று பொருள். அது வேறு உலகம்.

உங்களுக்கு வேண்டியது அவர்கள் சொன்ன குரோமோசோம் டெஸ்ட்தான். அதன் முழுப்பெயர் டைசென்ட்ரிக் ஆய்வு. 1960களிலிருந்து புழக்கத்தில் இருக்கிறது. கதிர்வீச்சு அளவை ரத்தத்திலிருந்து கணிக்க எத்தனையோ புதிய வழிகள் வந்துவிட்டன, இருந்தும் சந்தேகம் என்று வந்தால் எல்லாரும் திரும்பிப் போவது இதனிடம்தான்.

என்ன செய்கிறார்கள் என்று பார்ப்போம். உங்கள் ரத்தத்தில் உள்ள லிம்ஃபோசைட்டுகள் சும்மா சுற்றிக்கொண்டிருப்பவை, பிரிவதில்லை. அவற்றை உசுப்பிவிடும் ஒரு பொருளைச் சேர்த்து, 37 டிகிரியில் 48 மணி நேரம் வளர்ப்பார்கள். செல் முதல் முறை பிரியப் போகும் தறுவாயில் கோல்செமிட் என்ற மருந்தால் அதை அப்படியே நிறுத்துவார்கள். பிறகு செல்களை உப்பவைத்து, கண்ணாடிச் சில்லில் சொட்டுச் சொட்டாக விட்டு, சாயம் ஏற்றி மைக்ரோஸ்கோப்பில் வைப்பார்கள். 46 குரோமோசோம்களும் சிதறிக் கிடப்பது தெரியும். ஒவ்வொன்றுக்கும் ஒரு இடுப்பு உண்டு, அதன் பெயர் சென்ட்ரோமியர்.

கதிர் பட்ட செல்லில் இரண்டு குரோமோசோம்கள் உடைந்து, செல் அவற்றை அவசரத்தில் தப்பாக ஒட்டிவிடும். இடுப்புள்ள இரண்டு துண்டுகள் ஒன்றோடொன்று சேர்ந்துகொள்ளும், இடுப்பில்லாத இரண்டு நுனிகளும் தனியாகச் சேர்ந்துகொள்ளும். இரண்டு இடுப்போடு நீளமாகக் கிடப்பதுதான் டைசென்ட்ரிக். அதைக் கண்டவுடன் எண்ணுபவர் துள்ளிக் குதிப்பதில்லை, கணக்குப் பார்ப்பார். 44 சரியான குரோமோசோம், ஒரு டைசென்ட்ரிக், இடுப்பில்லாத ஒரு துண்டு. மொத்தம் 46 உருப்படி, இடுப்பும் 46. இரண்டும் பொருந்தினால்தான் அதைக் கணக்கில் சேர்ப்பார். ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும் இரண்டு குரோமோசோம்கூட டைசென்ட்ரிக் மாதிரியே கண்ணை ஏமாற்றும். 1,000 செல்லை இப்படிப் பார்ப்பது பல நாள் வேலை. ரிப்போர்ட் தாமதமானால் ஆய்வகத்தைத் திட்டாதீர்கள்.

கதிர்வீச்சு வேலையே செய்யாத ஒருவரிடம் 1,000 செல்லுக்கு ஒரு டைசென்ட்ரிக் இருந்தால் அதிகம். 380 மில்லிகிரே ஒரே மூச்சில் பட்டவரிடம் 15 முதல் 20 வரை எதிர்பார்க்கலாம். எவ்வளவு கதிருக்கு எத்தனை டைசென்ட்ரிக் என்ற அளவுகோல் வளைகோட்டை ஒவ்வொரு ஆய்வகமும் தானே போட்டு வைத்திருக்கும், அதனால் எண் சற்று முன்பின் இருக்கும். அதே 380 மூன்று மாதம் கொஞ்சம் கொஞ்சமாகப் பட்டிருந்தால் பத்தை ஒட்டித்தான் வரும். ஏனென்றால் டைசென்ட்ரிக் உண்டாக இரண்டு உடைப்புகள் ஒரே செல்லில், ஒரே நேரத்தில், பக்கத்துப் பக்கத்தில் இருக்க வேண்டும். முதல் உடைப்பைச் செல் சில மணி நேரத்தில் சரிசெய்துவிட்டால் இரண்டாவது வரும்போது ஜோடி இருக்காது.

இந்த வித்தியாசம் உங்களுக்குப் பெரிய சாதகம். 1,000 செல்லில் பூஜ்யமோ ஒன்றோ வந்தால், 380 பட்டது சட்டைக்குத்தான், உங்களுக்கில்லை என்று தைரியமாகச் சொல்லலாம். பத்துக்கு மேல் வந்தால் சட்டைக் கதையை விட்டுவிட்டு, அந்த மூன்று மாதத்தில் என்ன நடந்தது என்று உட்கார்ந்து யோசிக்க வேண்டும். நடுவில் நான்கு ஐந்து என்று வந்தால்தான் இழுபறி. அப்போது இன்னும் ஆயிரம் செல் எண்ணச் சொல்லிக் கேளுங்கள். இந்தச் சோதனையின் கீழ் எல்லை ஏறக்குறைய 100 மில்லிகிரே. பேட்ஜ் 380க்குப் பதில் 40 காட்டியிருந்தால், ஊசி குத்துவதே வீண் என்று சொல்லியிருப்பேன்.

நான்கு மாதம் ஆனது ஒரு தடையில்லை. டைசென்ட்ரிக் உள்ள செல்கள் மெல்ல மெல்லத்தான் மறையும். சுமார் மூன்று ஆண்டில் பாதியாகும் என்பது பொதுவாகக் கைக்கொள்ளும் கணக்கு. அதன்படி நீங்கள் இழந்திருப்பது ஏழெட்டு விழுக்காடுதான், ஆய்வகம் அதைச் சரிக்கட்டிவிடும். காமா எச்2ஏஎக்ஸ் என்றொரு சோதனையை யாராவது உங்களுக்குப் பரிந்துரைத்தால் மறுத்துவிடுங்கள். டிஎன்ஏ உடைந்த இடத்தில் ஒளிரும் புள்ளியாகத் தெரியும் அடையாளம் அது, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் உச்சத்துக்குப் போகும், ஓரிரு நாளில் அடங்கிவிடும். அன்றைக்கே எடுத்திருந்தால் அருமையான சாட்சி, இன்றைக்குக் காலி. கதிர் பட்டதும் கூடும் ஜீன்களை அளக்கும் சோதனைகளும் முதல் சில நாளைக்குத்தான் உதவும். ஒன்பது வருடத்துச் சேர்மானம் எவ்வளவு என்று கேட்டால் அதற்கு வேறு வழி, குரோமோசோம்களுக்கு ஒளிரும் வண்ணம் ஏற்றிப் பார்க்கும் ஃபிஷ் முறையில் டிரான்ஸ்லொகேஷன்களை, அதாவது துண்டுகள் இடம் மாறி ஒட்டிய குரோமோசோம்களை, எண்ணுவது. இவை மறையாமல் தங்கும். ஆனால் வயதாலும் புகைப்பழக்கத்தாலும் தாமாகவே கூடும் என்பதால், பல நூறு மில்லிகிரே சேர்ந்திருந்தால்தான் தெளிவாகத் தெரியும்.

உங்கள் தொழிலில் இருப்பவர்களுக்கு ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ரத்தம் உடம்பு முழுக்கச் சுற்றி வருவதால் அது சொல்வது சராசரி. கதிர் வீசும் சோர்ஸை விரலால் தொட்டிருந்தால் விரலுக்குப் பல கிரே பட்டிருக்கும், ரத்தமோ ஏறக்குறைய சுத்தமாகவே வரும். 1999 பிப்ரவரியில் பெரு நாட்டு யனாங்கோ நீர்மின் நிலையத்தில் ஒரு வெல்டர், கீழே கிடந்த இரிடியம்-192 சோர்ஸை என்னவென்று தெரியாமல் எடுத்துப் பின்பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். சில மணி நேரம்தான். கடைசியில் காலையே எடுக்க வேண்டியதாயிற்று. கதிர் ஒரு பக்கமாகப் பட்டால் டைசென்ட்ரிக்குகள் சில செல்களில் மட்டும் கும்பலாகக் கிடக்கும், தேர்ந்த ஆய்வகம் அதிலிருந்து அதைக் கண்டுபிடித்துவிடும். ஆனால் விரல் நுனி அளவு இடம் என்றால் அதற்கும் பிடிபடாது. அந்தக் காலாண்டில் கையிலோ தொடையிலோ காரணமில்லாத சிவப்பு, எரிச்சல், இரண்டு மூன்று வாரம் கழித்துக் கொப்புளம் என்று ஏதாவது இருந்ததா? இருந்திருந்தால் ரத்த ரிப்போர்ட்டுக்குக் காத்திராமல் மருத்துவரிடம் காட்டுங்கள்.

ரத்தம் எடுக்கும்போது கவனிக்க வேண்டியது குழாயின் மூடி. ஹெப்பரின் உள்ள பச்சை மூடிக் குழாய் வேண்டும், 10 மில்லி போதும். வழக்கமான ரத்த எண்ணிக்கைக்கு எடுக்கும் ஊதா மூடிக் குழாயில் எடுத்தால் செல்கள் சரியாக வளராது. நல்ல ரத்தம் இப்படி வீணாகி, ஆளை மறுபடி வரச்சொன்னது உண்டு. குழாயை ஃப்ரீசரில் வைக்கக் கூடாது, 20 டிகிரி ஒட்டி அறைச் சூட்டிலேயே, ஒன்றிரண்டு நாளுக்குள் போய்ச் சேர வேண்டும். விமானத்தில் அனுப்பினால் பெட்டிமேல் ‘எக்ஸ்ரே எடுக்காதீர்கள்’ என்று எழுதி ஒட்டச் சொல்லுங்கள். அதோடு, எப்போதாவது கதிர் சிகிச்சை, கீமோ, ஐசோடோப் ஸ்கேன், ரத்தம் ஏற்றியது, அண்மையில் வந்த காய்ச்சல் எது இருந்தாலும் படிவத்தில் மறைக்காமல் எழுதுங்கள்.

முடிவு 0.35 கிரே என்று ஒற்றை எண்ணாக வந்தால் திருப்பிக் கேளுங்கள். ‘0.25 முதல் 0.45 வரை’ என்பது போல ஒரு வரம்பு கட்டாயம் இருக்க வேண்டும். டைசென்ட்ரிக் இருப்பது நோய் இல்லை, அந்தச் செல்கள் பிரிய முயலும்போது பெரும்பாலும் செத்துவிடும். அது பட்ட அளவைச் சொல்லும், புற்றுநோய் வருமா என்று சொல்லாது.

ரத்தம் கொடுப்பதோடு, பேட்ஜ் படித்த ஆய்வகத்திடம், அதைச் சூடாக்கியபோது வந்த ஒளிர்வு வளைகோட்டையும் ஃபில்டர் வாரியான அளவையும் கேட்டு எழுதுங்கள். அன்றைக்கு எந்தச் சோர்ஸ், என்ன திறன், எத்தனை ஷாட், சட்டை எவ்வளவு தூரத்தில் என்பதையும் பதிவேட்டைப் பார்த்து எழுதிவையுங்கள். ஒரு டெராபெக்கரல் (சோர்ஸின் திறனை அளக்கும் அலகு) இரிடியம்-192, கவசமில்லாமல் வெளியே இருக்கும்போது, ஒரு மீட்டர் தூரத்தில் மணிக்குச் சுமார் 130 மில்லிசீவெர்ட் கொடுக்கும். சட்டை அங்கே மூன்று மணி நேரம் கிடந்திருந்தால் 390. உங்கள் கதை கணக்கோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே பார்த்துக்கொள்ளலாம்.

மனைவிக்கு வேண்டாம். வயிற்று சிடி ஒன்றுக்குப் பத்து மில்லிசீவெர்ட் என்று வைத்தாலும் இரண்டுக்கும் சேர்த்து 20தான். டைசென்ட்ரிக் ஆய்வின் கீழ் எல்லையில் அது ஐந்தில் ஒரு பங்கு. மூன்றாவது சிடி எடுக்கச் சொன்னால், முதல் இரண்டின் படங்களைக் கையோடு கொண்டுபோய் அதை வைத்தே பார்க்க முடியுமா, அல்ட்ராசவுண்ட் போதுமா என்று கேட்கச் சொல்லுங்கள்.