காகிதம், கந்தல், கழிவு: சிற்பம் செய்பவர்களின் கேள்விகளுக்குப் பதில்கள்

கேள்வி: அக்கா, செய்தித்தாள் ஒட்டி யானைத் தலை செய்தேன். வெளியே நன்றாகக் காய்ந்துவிட்டது. ஆனால் உள்ளிருந்து பூஞ்சை வாடை வருகிறதே?

பதில்: ஒரே மூச்சில் ஏகப்பட்ட அடுக்கு ஒட்டியிருப்பீர்கள். மேலடுக்கு முதலில் காய்ந்து மூடிக்கொண்டால் உள் ஈரம் போக வழியில்லை. மைதாப் பசை வேறு பூஞ்சைக்கு விருந்து. இரண்டு மூன்று அடுக்கு ஒட்டிக் காயவிட்டு, பிறகுதான் அடுத்தது. காய்ந்ததா என்று பார்க்கக் கன்னத்தில் வைத்துப் பாருங்கள். சில்லென்று இருந்தால் இன்னும் ஈரம்தான். இப்போதைக்கு அடிப்பக்கம் ஒரு துளை போட்டுக் காற்றோட்டமாக வையுங்கள். அடுத்த முறை பசையில் சில சொட்டு கிராம்பு எண்ணெய் விடுங்கள்.

இன்னொன்று: காகிதத்தைக் கத்தரிக்காதீர்கள், கிழியுங்கள். கிழித்த ஓரத்தில் நார் நீட்டிக்கொண்டு நிற்கும், பக்கத்துத் துண்டோடு படிந்துவிடும். கத்தரித்த ஓரமோ வண்ணத்துக்கு மேலேயும் கோடாகத் தெரியும்.

கேள்வி: காகிதச் சிற்பத்துக்கு வெள்ளை அடித்த பிறகும் பழுப்புக் கறை ஊறி வருகிறது.

பதில்: உள்ளே வெறும் இரும்புக் கம்பியா? துருதான். மேலே வெள்ளையை அடித்துக்கொண்டே போவதில் பயனில்லை. நன்றாகக் காயவிட்டு, ஷெல்லாக் (அரக்கு வார்னிஷ்) ஒரு கோட் கொடுத்துவிட்டு வண்ணம் பூசுங்கள். இனிமேல் துத்தநாகம் பூசிய கம்பி வாங்குங்கள்.

கேள்வி: பழைய துணியை மடிப்பு கலையாமல் விறைப்பாக நிறுத்துவது எப்படி?

பதில்: பருத்தியாக இருக்கட்டும். பாலியெஸ்டர் துணி பசையைக் குடிக்காது. வெள்ளைப் பசையையும் (ஃபெவிகால் போன்றது) தண்ணீரையும் சரிபாதி கலந்து, துணியை முக்கிப் பிழிந்து, பாலித்தீன் சுற்றிய உருவத்தின் மேல் போர்த்துங்கள். மடிப்புகளைக் காயும்வரை கிளிப் போட்டுப் பிடித்துவையுங்கள். உங்களுக்குப் பசை வேலையே பிடிக்காதென்றால் முடிச்சு இருக்கிறது. இந்தியச் சிற்பி மிருணாளினி முகர்ஜி (1949–2015) சாயமேற்றிய நார்க்கயிற்றைக் கையால் முடிந்தே ஆளுயரச் சிற்பங்கள் செய்தார்.

கேள்வி: குப்பையில் செய்தது குப்பையாகவே தெரிகிறது என்கிறார் கணவர்.

பதில்: அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கலாம்! மூடி, சாவி, பொம்மைக் கை, கம்ப்யூட்டர் போர்டு என்று கண்டதையும் ஒன்றாக ஒட்டினால் அப்படித்தான் ஆகும். ஒரே வகைப் பொருளை நிறையச் சேருங்கள். கானா நாட்டுச் சிற்பி எல் அனட்சுயி மதுப்புட்டி மூடிகளைத் தட்டித் தட்டையாக்கி, செப்புக் கம்பியால் கோத்து, சுவரளவு விரிப்புகளாகத் தொங்கவிடுகிறார். உலோகம் துணிபோல மடிந்து விழுகிறது. தங்க நிற ஸ்பிரே அடித்து ஒப்பேற்றும் வேலை மட்டும் வேண்டாம். பொருளின் சொந்த நிறத்தையே அது தின்றுவிடும்.

கேள்வி: எல்லாவற்றையும் ஹாட் க்ளூவில் (சூடாக்கி உருக்கி ஒட்டும் பசை) ஒட்டலாமா?

பதில்: கூடாது. வெயிலில் இளகும், வழுவழுப்பான உலோகத்திலிருந்து பெயர்ந்துவரும். துளை போட்டுக் கம்பியால் கட்டுங்கள்.